அந்தோனியாரிடம் ஒளித்த குளிசை

நான் ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான். ஊர்காவற்றுறையில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். என் மனைவியை மட்டும் கேட்காதீர்கள்.

அந்த வருஷம் நான் எடுத்த முடிவு இது. பெருநாளன்று அந்தோனியார் சிலையை, எங்கள் பேச்சில் சுருவத்தை, வைத்து ஊர்வலமாகத் தூக்கும் மரக்கூட்டுக்கு நான் தோள் கொடுப்பேன். முன்பக்கம், வலதுபக்கத் தடி. அது என் பாட்டனார் தூக்கிய இடம். அவருக்குப் பிறகு என் தகப்பனார், அவருக்குப் பிறகு நான். எங்கள் கோயிலில் இது எழுதாத சட்டம். ஒரு பெருநாளுக்குத் தோள் கொடுக்காமல் விட்டால் இடம் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும். அடுத்த குடும்பம் பத்திநாதருடையது. அந்த மனிதர் ஒவ்வொரு பெருநாளும் என் பக்கத்தில் வந்து நின்று தன் தோளைத் தடவிக்கொண்டு, "சுகமோ கிறிஸ்தோப்பர்?" என்று கேட்பார். என் சுகத்தில் அவருக்கு இருந்த அக்கறை என் சொந்தச் சகோதரங்களுக்கும் இல்லை.

இரண்டு தடைகள் இருந்தன. ஒன்று என் வலது முழங்கால். மற்றது என் மனைவி ஞானசவுந்தரி. இரண்டும் மடங்காது.

என் நெஞ்சையும் தடை என்று சிலர் சொல்லக்கூடும். போன மாரியில் எனக்கு ஒரு நெஞ்சுக்குத்து வந்தது உண்மைதான். வந்தது, போய்விட்டது. நான் இருக்கிறேன். யாழ்ப்பாணத்து டொக்டர் அரியநாயகம் என்னைக் காப்பாற்றியதாக ஞானசவுந்தரி சொல்லித் திரிகிறாள். அவர் செய்ததெல்லாம் தினம் அரை அஸ்பிரின் குளிசை எழுதித் தந்ததுதான்.

"இது நோவுக்கில்லை," என்றார் டொக்டர். "இரத்தம் கட்டியாகி இருதயக் குழாயை அடைக்காமல் இருக்கத்தான். நீங்களா நிப்பாட்டப்படாது."

"சரி டொக்டர்."

"இன்னொண்டு. உங்கட இரத்தம் இனிச் சுறுக்கா உறையாது. முழங்காலுக்கு எண்டு முந்தி ஒரு குளிசை போட்டனீங்களல்லோ? அதை மறந்தும் தொடப்படாது. அதுவும் இரத்தத்தை உறையவிடாது. வயித்தையும் அரிக்கும். ரெண்டும் சேர்ந்தால் உள்ளுக்க புண் வந்து இரத்தம் கசியும்."

"உள்ளுக்க கசிஞ்சால் வெளியில எப்பிடித் தெரியும் டொக்டர்?" இதைக் கேட்டது ஞானசவுந்தரி. கேட்கவேண்டிய கேள்வியை விட்டுவிட்டு வரும் பழக்கம் அவளுக்கு இல்லை.

"கக்கூசுக்குப் போனால் தார் மாதிரிக் கறுப்பாப் போகும். தலை சுத்தும். அப்பிடியெண்டால் சுணங்காமல் இஞ்ச கொண்டு வாங்கோ. உயிருக்கு ஆபத்து."

"அப்ப முழங்கால் நோவுக்கு?"

"சூட்டு ஒத்தணம். காலை நீட்டி மடக்கிப் பழகட்டும். கூட நொந்தால் பனடோல். பாரம் தூக்கிற கதையே வேண்டாம்."

பனடோல்! நெஞ்சுக்குத்தையே வென்ற மனிதனுக்குப் பனடோல்!

நான் சுங்கப் பகுதியில் வேலைபார்த்து இளைப்பாறியவன். அக்கரை இந்தியாவிலிருந்து வள்ளங்களில் கள்ளமாக வந்த சேலை, சவர்க்காரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் மணத்தை வைத்தே பிடித்தவன். பூசணிக்காய்க்குள் வைத்ததைப் பிடித்தேன். பாதிரியார் வேஷத்தில் வந்தவனின் அங்கிக்குள் இருந்ததைப் பிடித்தேன். கடத்தல்காரன் எப்படி யோசிப்பான் என்பது எனக்கு மனப்பாடம். அப்படிப்பட்ட நான் ஒரு கைப்பிடி முழங்கால் குளிசையை என் சொந்த வீட்டுக்குள் கடத்த மாட்டேனா?

இதற்கு ஒரு கூட்டாளி வேண்டும். பஸ்ரியாம்பிள்ளையிடம் போனேன். ஒரு காலத்தில் சேலை கடத்தி என்னிடம் பிடிபட்டவர். இப்போது பனை உயரத்தில் வளர்ந்த இரண்டு மகன்மாரோடு ஒழுங்காக மீன் பிடிக்கிறார். கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தார்.

"பஸ்ரியர், யாழ்ப்பாணத்தில ஒரு சாமான் எடுக்கவேணும். வீட்டுக்குத் தெரியப்படாது."

"சாராயமோ ஐயா?"

"சீ! மருந்து. முழங்காலுக்கு."

"மருந்தை ஏன் ஐயா ஒளிச்சுக் கொண்டுபோறியள்?"

"என்ர வீட்டில இருக்கிற சுங்கத்தை உமக்குத் தெரியாது."

"தெரியும் ஐயா. அந்த நாளில உங்களுக்குப் பதிலா ஞானக்கா கரையில நிண்டிருந்தால் நான் சேலைப் பக்கமே போயிருக்க மாட்டன்."

நான் அதைக் கேட்காததுபோல் இருந்தேன். "எதுக்குள்ள வைச்சுத் தருவீர்?"

"கணவாய் மீனுக்குள்ள வைப்பம். அதின்ர உடம்பு உறை மாதிரி. ஒருதரும் தடவிப் பாக்க மாட்டினம். அந்த நாளில நான் எத்தினை தரம்..."

"என்ன? கணவாய்க்குள்ளயோ? அதை நான் ஒரு நாளும் பிடிக்கேல்லையே!"

"நீங்கள் பிடிக்காதது கனக்கக் கிடக்கு ஐயா," என்றார் பஸ்ரியாம்பிள்ளை மரியாதையாக.

அடுத்த சனிக்கிழமை ஒரு கோர்வை கணவாயோடு வீட்டுக்கு வந்தேன். நேரே குசினிக்குள் போனேன். ஞானசவுந்தரி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாரும், இண்டைக்குக் கணவாயை நான் துப்பரவாக்கிறன்."

துருவலை நின்றது.

"ஆர்? நீங்களோ?"

"ஏன், ஆம்பிளையள் மீன் வெட்டப்படாதோ?"

"வெட்டலாம். கலியாணம் கட்டின நாளில இருந்து நீங்கள் பானையில தண்ணி மொண்டு குடிச்சதையும் நான் காணேல்லை. அதான் கேட்டனான்."

"உமக்கு ஓய்வு குடுப்பம் எண்டு பாத்தன்."

"எனக்கோ?"

"ஓம்."

"ஓய்வோ?"

"ஓமப்பா!"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். இருட்டில் விளக்கில்லாமல் வரும் வள்ளத்தை நான் அப்படித்தான் பார்ப்பேன். பிறகு ஒன்றும் சொல்லாமல் எழுந்து கிணற்றடிக்குப் போனாள். என் மனம் துள்ளியது. பெரிய கணவாயின் வயிற்றுக்குள் கையை விட்டேன். மை பீறி என் பனியன் முழுக்கப் பாய்ந்தது. பரவாயில்லை. பொலித்தீன் பை பத்திரமாக வெளியே வந்தது. உள்ளே என் பழைய நண்பர்கள். ஒரு பாதி சிவப்பு, ஒரு பாதி மஞ்சள். இரண்டு மூடியை ஒன்றுக்குள் ஒன்று செருகி நடுவில் தூள் வைத்த குளிசைகள்.

ஒளிப்பதற்கு இடத்தை முன்பே தெரிந்து வைத்திருந்தேன். எங்கள் வீட்டு மாடத்தில் ஒரு அந்தோனியார் சுருவம் இருக்கிறது. அடிப்பக்கம் கோறை, வெறும் பொந்து. தொலைந்த பொருளைக் காட்டித் தரும்படி ஊரே அவரைக் கேட்கும். ஒரு பொருளை யாருக்கும் காட்டாமல் வைத்திரும் என்று அவரைக் கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருக்கவேண்டும்.

சாப்பிட்டு முடிந்ததும் மாடத்துக்கு முன்னால் நிற்பேன். கண்ணை மூடுவேன். சிலுவை அடையாளம் போடுவேன். கையை நெற்றிக்குக் கொண்டுபோகும்போது குளிசை வாய்க்குள் போய்விடும்.

"என்ன, சாப்பாட்டுக்குப் பிறகு புதுச் செபம்?" என்றாள் ஞானசவுந்தரி.

"பெருநாள் வருகுதல்லோ. பக்தி."

"நல்லது. எனக்காகவும் ஒண்டு சொல்லுங்கோ."

முழங்கால் இளகியது. மாடு மேய்க்கிற பெடியன் மாதிரி நடந்தேன். பத்திநாதர் வீட்டு வாசலால் வேண்டுமென்றே மூன்று தரம் நடந்தேன். அரை அஸ்பிரினும் ஒரு பக்கத்தால் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. நெஞ்சுக்கு அது, முழங்காலுக்கு இது. அவரவர் வேலையை அவரவர் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

ஒரு காலை சவரம் செய்யும்போது தாடையில் சின்னக் கீறல். கடுகளவு. காகிதத் துண்டை ஒட்டினேன். நனைந்தது. இன்னொன்று ஒட்டினேன். அதுவும் நனைந்தது. கோயிலுக்குப் போகும்போது என் முகத்தில் ஒரு பத்திரிகையே ஒட்டியிருந்தது.

"உதென்ன வெட்டு?"

"புது அலகு. கூர் கூடிப்போச்சு."

பல் விளக்கினால் நுரை சிவப்பாக வந்தது. முன்கையில் நாவற்பழ நிறத்தில் கன்றிய ஒரு தடம்.

"உதென்ன கையில?"

"வேலிக் கதியாலில இடிச்சுப்போட்டன்."

"எந்தக் கதியால்?"

"எங்கட கதியால்தான். உமக்கு ஒவ்வொரு கதியாலுக்கும் பெயர் சொல்லோணுமோ?"

பிறகு ஒரு நாள் காலையில் கக்கூசில் இருந்தபடியே கீழே பார்த்தேன். கறுப்பு. தார் மாதிரி.

கணவாய்க் கறி தின்றதால் என்று எனக்கு நானே சொன்னேன். கணவாய்க் கறி தின்றது போன கிழமை. அது எனக்குத் தெரியாமல் இல்லை. வெளியே வந்து கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிணறு மெல்லச் சுற்றியது. உண்மையைச் சொல்லுகிறேன், அந்த நேரம் பயந்துபோனேன். கூடு என் தோளில் ஏறுவதற்கு முன் நான் ஒரு பெட்டியில் ஏறிப் பத்திநாதரின் தோளில் போய்விடுவேனோ என்று நினைத்தேன்.

ஆனால் பெருநாளுக்கு இன்னும் இரண்டு கிழமைதான். சுங்கக்காரன் மூளை வேலை செய்தது. கறுப்புக்குக் காரணம் கணவாய்தான் என்று ஒரு சாட்சியம் தயாரிக்கவேண்டும்.

"இஞ்சாரும், இண்டைக்கும் கணவாய் வாங்குவமே?"

"இண்டைக்குமோ?"

"நாளைக்கும் வாங்குவம். எனக்கு இப்ப கணவாயெண்டால் ஒரு ஆசை."

ஞானசவுந்தரி என் முகத்தைப் பார்த்தாள். கிட்ட வந்து என் கண்ணின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஞானசவுந்தரி ஒன்றும் சொல்லாவிட்டால் ஆபத்து என்பதை நான் அப்போதாவது உணர்ந்திருக்க வேண்டும்.

அரை மணித்தியாலம் போகவில்லை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டாள்.

"என்னப்பா?"

"படபடக்குது. இப்பவே டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ."

நான் பதறிப்போனேன். என் தலைச்சுற்றை மறந்தேன். வாடகைக் கார் பிடித்தேன். வழி முழுக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். அவளும் என் கையை விடவில்லை. என் நாடியில்தான் அவள் விரல் இருந்தது என்பதைக் கவனிக்கும் நிலையில் நான் இருக்கவில்லை.

டொக்டர் அரியநாயகம் அவளைத் தனியாக உள்ளே கூப்பிட்டுக் கதைத்தார். வெளியே வந்ததும் என்னைப் பார்த்தார்.

"வந்தது வந்தீங்கள், உங்களையும் ஒருக்காப் பாப்பம்."

"எனக்கொண்டுமில்லை டொக்டர். அவவைப் பாருங்கோ."

"அவ பரவாயில்லை. நீங்கள் படுங்கோ."

வயிற்றை அமத்தினார். நாடி பார்த்தார். இரத்தம் எடுத்தார். எடுத்த இடத்தைத் தாதி நெடுநேரம் அமத்திப் பிடித்தாள்.

"வேற குளிசை ஏதாவது போடுறியளோ?"

"இல்லை டொக்டர்."

"சத்தியமா?"

"அந்தோனியார் அறிய."

அந்தோனியாருக்குத் தெரியும் என்பது உண்மைதானே. டொக்டர் ஞானசவுந்தரியைப் பார்த்தார். ஞானசவுந்தரி மின்விசிறியைப் பார்த்தாள்.

"இரத்தம் குறைஞ்சிருக்கு. ரெண்டு நாள் இஞ்ச கிடந்துதான் போகவேணும். அரை அஸ்பிரினை நான் சொல்லும்வரைக்கும் நிப்பாட்டி வைப்பம். எப்ப தொடங்கிறதெண்டு நான்தான் சொல்லுவன்."

ஆக, படபடத்தது அவளுக்கு. கட்டிலில் கிடந்தது நான். கையில் ஒரு குழாய் வேறு. வயிற்றுக்கென்று வெள்ளையாக ஒரு பாணி மருந்தும் பருக்கினார்கள். அவளுடைய மனம் ஆறட்டும் என்று எல்லாவற்றுக்கும் சம்மதித்தேன்.

"நான் ஒருக்கா வீட்டை போய்ட்டு வாறன்," என்றாள் அன்று மத்தியானம். "கோழிக்குத் தீன் போடோணும்."

"போய்ட்டு வாரும். நெஞ்சு கவனம்."

"ஓம். இப்ப நெஞ்சு லேசா இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, அந்தோனியாரைத் தூக்கிப் பார்த்தது. பை இருந்தது. குளிசைகள் இருந்தன. சிவப்பும் மஞ்சளும் வடிவாக இருந்தன. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை! அக்கரை இக்கரை எல்லாம் கலக்கிய கிறிஸ்தோப்பரோடு போட்டியா?

கறுப்பைக் கண்டு பயந்தது உண்மைதான். ஆனால் அது கணவாயின் வேலை என்று இப்போது முடிவுகட்டிவிட்டேன். மறுபடியும் சாப்பாட்டுக்குப் பின் செபம் தொடங்கினேன். இந்த முறை பாருங்கள் அதிசயத்தை! கீறல் விழுந்தால் உடனே காய்ந்தது. நுரை வெள்ளையாக வந்தது. கையில் கன்றிய தடமில்லை. கக்கூசிலும் நல்ல சேதிதான். கொஞ்ச நாளில் டொக்டர் அரை அஸ்பிரினையும் திரும்பத் தொடங்கச் சொன்னார். அதையும் போட்டேன், இதையும் போட்டேன். ஒரு சொட்டு இரத்தம் கசியவில்லை. என் உடம்பு மருந்தை அடக்கிவிட்டது. வைத்திய சாஸ்திரம் என் விஷயத்தில் தோற்றுவிட்டது என்று ஒரு முடிவுக்கு வந்தேன். முழங்காலோ முன்னையைவிட இளகியது.

இதற்கிடையில் ஞானசவுந்தரி தினம் காலையும் மாலையும் உப்பை வறுத்துக் கட்டி முழங்காலில் ஒத்தணம் வைத்தாள். காலை நீட்டு, மடக்கு என்று பொலிஸ்காரன் மாதிரி அதட்டினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நீட்டி மடக்கினேன். பாவம், அவளுக்கும் ஒரு திருப்தி இருக்கட்டுமே.

பெருநாள் நெருங்கியது. துணிந்து கேட்டேன்.

"இஞ்சாரும், கூடு..."

"தூக்குங்கோ."

நான் எதிர்பார்த்து வைத்திருந்த வாதமெல்லாம் வீணாகிப் போனது. "என்ன?"

"தூக்குங்கோ எண்டுறன். உங்கட பரம்பரை இடத்தைப் பத்திநாதருக்கு விடேலுமோ? ஒண்டு மட்டும். தோளில வைக்க ஒரு மெத்தை தைச்சுத் தருவன். அதை வைச்சுக்கொண்டுதான் தூக்கோணும்."

இலவம்பஞ்சு அடைத்து, வெள்ளைப் பட்டில் உறைபோட்டுத் தந்தாள். நல்ல தடிப்பு. என் கண் கலங்கிவிட்டது. ஊர் என்ன சொன்னாலும் மனிசி மனிசிதான் என்று நினைத்தேன்.

பெருநாளன்று பூசை முடிந்தது. மணி அடித்தது. நான் முன்னுக்கு வந்து வலதுபக்கத் தடிக்குக் கீழே நின்றேன். எனக்குப் பின்னால் பஸ்ரியாம்பிள்ளையின் மகன்மார் இருவரும் வந்து நின்றார்கள். வழமையாக அவர்கள் பின்தடிக்குப் போகிறவர்கள். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சுவாமியார் கை காட்டினார். "அந்தோனியாரே!" என்று சனம் சத்தம் வைத்தது. கூடு எழும்பியது.

என்ன அற்புதம்! பாரமே இல்லை. தடி என் தோளில் பட்டது, மெத்தையை மெல்ல அமத்தியது, அவ்வளவுதான். நான் மிதந்தேன். கடற்கரை வீதியால் சுற்றிவரும்போது ஒரு இடத்திலும் மூச்சு வாங்கவில்லை. பத்திநாதர் வீதியோரம் தோளைத் தடவிக்கொண்டு நின்றார். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். இடதுகையால் மீசையைக்கூட முறுக்கினேன். கூடு தூக்கிக்கொண்டு மீசை முறுக்கிய மனிதன் எங்கள் கோயில் சரித்திரத்திலேயே நான் ஒருவன்தான்.

வீட்டுக்கு வந்து, தோளில் கட்டிய மெத்தையை அவிழ்க்காமலே கதிரையில் சாய்ந்தேன். வெற்றியை மூடி வைத்திருக்க என்னால் ஏலாமல் போய்விட்டது.

"ஞானம், இஞ்ச வாரும். உமக்கொரு விஷயம் சொல்லோணும். கோவிக்கப்படாது."

"சொல்லுங்கோ."

"டொக்டர் சொன்னது முழுப் பொய். நான் அஸ்பிரினோட முழங்கால் குளிசையும் சேர்த்துத்தான் போட்டனான். எனக்கு என்ன நடந்தது? ஒண்டுமில்லை! கூடும் தூக்கிப்போட்டன்!"

எழுந்து போய் மாடத்திலிருந்த அந்தோனியாரைச் சரித்தேன். பையை எடுத்து அவள் முன்னால் ஆட்டினேன். "உம்மட மூக்குக்குக் கீழ, இவ்வளவு நாளும்! இதுதான் சுங்க மூளை."

ஞானசவுந்தரி அதிரவில்லை. சீலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள்.

"ஒண்டை எடுத்து மூடியைக் கழட்டி நாக்கில வைச்சுப் பாருங்கோ."

கழற்றினேன். வைத்தேன். எனக்கு நன்கு பழகிய ருசி. எங்கள் வீட்டுக் கூழுக்குப் போடும் பனங்கிழங்கு மாவின் ருசி.

"இது... ஒடியல்மா!"

"ஓம். நீங்கள் ஆசுப்பத்திரியில கிடக்கேக்க நான் இருந்து அடைச்சது. பழைய தூள் முழுக்கக் குப்பைக் கிடங்கில."

"உமக்கெப்பிடித் தெரியும்? பஸ்ரியர் காட்டிக் குடுத்தவரோ?"

"பஸ்ரியரைப் பிறகுதான் கேட்டனான். கணவாய் துப்பரவாக்க வந்த அண்டைக்கே எனக்குத் தெரியும், அதுக்குள்ள என்னவோ இருக்கெண்டு. எங்க ஒளிச்சியள் எண்டுதான் தெரியேல்லை. தொலைஞ்ச சாமானைக் காட்டித் தாரும் எண்டு அந்தோனியாரிட்டக் கேட்டு மெழுகுதிரி கொளுத்தினன். மெழுகு வழிஞ்சு போச்சுது. துடைக்கச் சுருவத்தைத் தூக்கினன். ஆரிட்ட ஒளிச்சிருக்கிறியள்! ஊரில வேற ஆள் கிடைக்கேல்லையோ?"

அவளுடைய குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

"அண்டைக்கு உங்கட கண்ணை இழுத்துப் பாத்தன். கடதாசி மாதிரி வெள்ளை. எனக்குக் கை கால் ஓடேல்லை. குளிசை போட்டனீங்களோ எண்டு கேட்டால் இல்லையெண்டுவியள், டொக்டரிட்டப் போவம் எண்டால் நாளைக்கு எண்டுவியள். அதுதான் என்ர நெஞ்சைப் பிடிச்சனான். இன்னும் ஒரு நாள் சுணங்கியிருந்தால் ஆள் இல்லை எண்டவர் டொக்டர். தெரியுமோ?"

அவள் கண்ணைத் துடைத்தாள். என் நெஞ்சில் ஏதோ கனத்தது. இது குத்தில்லை, வேறு. "இனி ஒண்டும் உமக்கு ஒளிக்க மாட்டன்," என்றேன். அதை மனதாரத்தான் சொன்னேன்.

ஆனால் முழுத் தோல்வியை ஒத்துக்கொள்ள நான் பிறக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்தினேன்.

"சரி, மா தின்றதாகவே இருக்கட்டும். முழங்கால் உம்மட ஒத்தணத்தால சுகமானதாகவே இருக்கட்டும். கூடு? அது நான் தூக்கினதுதானே? அவ்வளவு பெரிய சுருவத்தை, இந்தத் தோளில, ஊர் பாக்க! அதை ஒருதரும் என்னட்டையிருந்து பறிக்கேலாது!"

ஞானசவுந்தரி என் தோளிலிருந்த பட்டு மெத்தையை மெல்ல அவிழ்த்து எடுத்தாள். தட்டி, உறையைக் கழற்றி, படுக்கையில் தன் பக்கத்தில் திரும்ப வைத்தாள்.

"பஸ்ரியற்ர நெட்டைப் பெடியளை உங்களுக்குப் பின்னால விட்டதே தடியை மேல பிடிக்கத்தான். சுருவத்தைத் தூக்கினது அவங்கள். நீங்கள் தூக்கினது என்ர தலகணி."